கண்ணாடித் தகட்டில் உறங்கிய வண்ணங்கள்

சென்ற ஆண்டு ஒரு நாள், வகுப்பு முடிந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி தன் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினாள். அவளுடைய பாட்டியின் திருமணப் படம் அது. கறுப்பு வெள்ளையில் இருந்த பழைய படத்தைக் கணினி நிரல் ஒன்று சில விநாடிகளில் வண்ணப் படமாக மாற்றியிருந்தது. பாட்டி சிவப்புப் பட்டுப் புடவையில் பளிச்சென்று நின்றிருந்தார்.

"ஆனா சார், பாட்டி இதைப் பார்த்துட்டு, 'என் கல்யாணப் புடவை இலைப்பச்சைடி, சிவப்பு இல்லை'ன்னு சொல்லிட்டாங்க. கம்ப்யூட்டர் ஏன் தப்பாச் சொல்லுது?" என்று கேட்டாள்.

எளிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை சொல்ல, நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் வாழ்ந்த ஒரு ஒளிப்படக்காரரின் கண்ணாடித் தகடுகள் வரை போக வேண்டியிருக்கிறது. வாருங்கள், போய் வருவோம்.

ஓர் எண் போதாது

கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் நமக்கு ஒரே ஒரு செய்தியைத்தான் தருகிறது. அந்த இடத்திலிருந்து எவ்வளவு ஒளி வந்தது என்பதே அச்செய்தி. எந்த அலைநீளத்தில் வந்தது என்பதை அது பதிவு செய்வதில்லை. ஒரு சிவப்புத் துணியும் ஒரு பச்சைத் துணியும் படச்சுருளில் ஒரே அளவு விளைவை ஏற்படுத்தினால், இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். பின்னால் யார் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

நம் கண் இவ்வாறு இல்லை. விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் உள்ளன. ஒரு வகை நீண்ட அலைகளுக்கும், ஒரு வகை இடைப்பட்ட அலைகளுக்கும், மற்றொரு வகை குறுகிய அலைகளுக்கும் மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. மூளைக்குச் செல்லும் இந்த மூன்று அளவுகளின் ஒப்பீட்டைத்தான் நாம் நிறம் என்கிறோம். எனவே ஒரு நிறத்தைக் குறிப்பிட மூன்று எண்கள் வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பதோ ஒன்றுதான். மூன்று மாறிகளுக்கு ஒரு சமன்பாடு கொடுத்தால் மாணவர்கள் என்ன செய்வார்கள்? தீர்க்க முடியாது என்பார்கள், அல்லது ஊகிப்பார்கள். கணினி ஊகித்தது. அது பழகிய படங்களில் மணப்பெண்கள் பெரும்பாலும் சிவப்பு உடுத்தியிருந்திருக்கலாம்.

மேக்ஸ்வெல் காட்டிய வழி

மூன்று எண்கள் வேண்டுமென்றால் மூன்று முறை அளந்தால் என்ன? இந்த யோசனையை 1855-ஆம் ஆண்டிலேயே முன்வைத்தவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். மின்காந்தக் கொள்கையால் நாம் நன்கறிந்த அதே மேக்ஸ்வெல்தான். ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறவடிகட்டிகளின் வழியே மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுக்க வேண்டும். பிறகு அவற்றை நேர்ப்படங்களாக்கி, அதே நிற ஒளிகளால் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்ய வேண்டும். அப்போது திரையில் இயற்கை நிறங்கள் தோன்றும்.

ஒரு செம்பருத்திப் பூவை எடுத்துக்கொள்வோம். சிவப்பு வடிகட்டியின் வழியே எடுத்த நேர்ப்படத்தில் அது வெளுப்பாகவும், மற்ற இரண்டிலும் கருமையாகவும் இருக்கும். ஆகவே திரையில் பூ இருக்கும் இடத்தில் சிவப்பு ஒளி மட்டும் விழும். வெள்ளை வேட்டி மூன்று படங்களிலும் வெளுப்பு. மூன்று ஒளிகளும் கலந்து திரையில் வெண்மையே தோன்றும். மஞ்சள் சாமந்தி சிவப்பிலும் பச்சையிலும் வெளுப்பு, நீலத்தில் கருமை. இவ்வாறே மற்ற நிறங்களும்.

1861-ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் ராயல் நிறுவனத்தில் மேக்ஸ்வெல் இதைச் செய்து காட்டினார். கட்டம் போட்ட வண்ண நாடா ஒன்றை தாமஸ் சட்டன் என்பவர் அவருக்காகப் படமெடுத்துக் கொடுத்திருந்தார். திரையில் நாடாவின் நிறங்கள் ஓரளவு தெரிந்தன. ஆனால் இதில் ஒரு புதிர் இருந்தது. அக்காலத் தகடுகள் சிவப்பொளியைச் சிறிதும் உணராதவை. அப்படியிருக்க, சிவப்பு வடிகட்டியின் பின்னே படம் எப்படி விழுந்தது?

சரியாக நூறாண்டுகள் கழித்து, 1961-இல், கோடாக் ஆய்வாளர்கள் இப்புதிரை விடுவித்தனர். சட்டன் பயன்படுத்திய சிவப்புக் கரைசல் புற ஊதாக் கதிர்களையும் கடத்தியது. சிவப்புச் சாயமிட்ட துணிகள் பல அக்கதிர்களைப் பிரதிபலிக்கின்றன. தகடு உணர்ந்தது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவைத்தான்! தேர்வுத்தாளில் விடை சரியாக இருந்து வழி தவறாக இருப்பதுண்டல்லவா? அத்தகைய நிகழ்ச்சி இது. ஆனால் கொள்கை சரியானது என்பதால் மதிப்பெண் குறைக்க வேண்டியதில்லை.

தகட்டின் நிறக்குருடு நீங்குதல்

ஒளிப்படத் தகட்டில் உள்ள வெள்ளி புரோமைடு, ஏறத்தாழ 500 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளியை, அதாவது நீலம், ஊதா, புற ஊதா ஆகியவற்றை மட்டுமே உணரக் கூடியது. சிவப்பொளியின் ஃபோட்டான்களுக்கு அதில் வினை நிகழ்த்தப் போதிய ஆற்றல் இல்லை. அதனால்தான் மிகப் பழைய படங்களில் சிவந்த உதடுகள் கருத்தும், நீல வானம் வெளுத்தும் காணப்படுகின்றன.

1873-இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் என்ற வேதியியலார், சில சாயங்களைச் சேர்த்த தகடுகள் பச்சை ஒளியையும் உணர்வதைக் கண்டார். சாயத்தின் மூலக்கூறு நீண்ட அலையை உட்கவர்ந்து, அதன் விளைவை வெள்ளி உப்பின் படிகத்துக்கு மாற்றித் தருகிறது. பொருத்தமான சாயம் கிடைத்தால் தகட்டுக்குச் சிவப்பையும் காட்டலாம். இந்தத் தேடலைத் தொடர்ந்தவர் ஃபோகலுக்குப் பின் அதே பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறுப்பேற்ற அடால்ஃப் மீதே. அவரிடம் 1902-இல் கற்கச் சென்றவர்தான் நம் கட்டுரையின் நாயகர், செர்கேய் மிகைலோவிச் புரோகுதின்-கோர்ஸ்கி.

மூன்று பங்கான தகடு

புரோகுதின்-கோர்ஸ்கி 1863-இல் பிறந்தவர். வேதியியல் பயின்றவர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒளிப்படக் கூடமும், பின்னர் ஒளிப்பட இதழொன்றின் ஆசிரியர் பொறுப்பும் அவருக்கு இருந்தன. மீதேயிடம் கற்றதோடு நில்லாமல், தகட்டின் நிற உணர்வைப் பெருக்கும் சாயக் கலவை ஒன்றைத் தாமே உருவாக்கினார்.

அவர் பயன்படுத்திய முறை எளிமையானது. சுமார் 9 செ.மீ. அகலமும் 24 செ.மீ. நீளமும் கொண்ட ஒரு கண்ணாடித் தகடு. காமிரா முக்காலியில் அசையாது நிற்கும். நீல வடிகட்டியின் பின்னே தகட்டின் ஒரு பகுதியில் முதல் படம். தகட்டை நகர்த்தி, பச்சை வடிகட்டியின் பின்னே இரண்டாவது. மீண்டும் நகர்த்தி, சிவப்பின் பின்னே மூன்றாவது. கழுவியெடுத்தால், ஒரே தகட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கறுப்பு வெள்ளை எதிர்ப்படங்கள். பார்ப்பதற்கு மூன்றும் ஒரே படம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிறு வேறுபாடுகளில்தான் நிறம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அக்காலத்தில் வேறு வழியும் இருந்தது. பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் 1907-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோகுரோம் தகட்டில், நிறமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களே நிறவடிகட்டிகள். அது ஒரே படத்தில் வண்ணம் தந்தது. புரோகுதின்-கோர்ஸ்கியின் முறையிலோ படம் பார்க்க மூன்று ஒளிகளைக் கொண்ட தனிப் படவீழ்த்தி வேண்டும். ஆயினும் மூன்று அளவீடுகளையும் தனித்தனியே வைத்திருந்தது அவருடைய முறைதான். இதன் பயன் பிற்காலத்தில் தெரிந்தது.

டால்ஸ்டாயும் ஜார் மன்னரும்

1908-ஆம் ஆண்டு டால்ஸ்டாய்க்கு எண்பது வயது நிறையும் ஆண்டு. புரோகுதின்-கோர்ஸ்கி அவருக்குக் கடிதம் எழுதி அனுமதி பெற்று, மே மாதம் யாஸ்னயா பொல்யானா சென்று, தோட்டத்து வெளிச்சத்தில் அவரைப் படமெடுத்தார். நீலச் சட்டையும் நரைத்த தாடியுமாக, கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கும் அந்தப் படம் அச்சாகி நாடெங்கும் பரவியது. அதே ஆண்டின் இறுதியில்தான் டால்ஸ்டாய் இந்தியர் ஒருவருக்குத் தம் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். காந்தியடிகள் அதை 1909-இல் குஜராத்தியில் மொழிபெயர்த்தார். 1910-இல் தென்னாப்பிரிக்காவில் அவர் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழர்களும் வாழ்ந்தனர். அவர்கள் பெயரால் மட்டும் அறிந்திருந்த அந்தப் பெரியவரின் முகத்தை நாம் இன்று நிறத்தோடு காண முடிகிறது.

இப்படத்தால் கிடைத்த புகழ் அரண்மனை வரை சென்றது. 1909 மே மாதம் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கலசின் முன் வண்ணப் படங்கள் திரையிடப்பட்டன. பேரரசு முழுவதையும் படமெடுக்கும் திட்டத்தை ஒளிப்படக்காரர் முன்வைத்தார். பத்தாண்டுகளில் பத்தாயிரம் படங்கள். அவற்றைப் பள்ளிகளில் திரையிட்டு, மாணவர்களுக்கு அவர்களுடைய நாட்டைக் காட்ட வேண்டும். மன்னர் இசைந்தார். இருட்டறை அமைத்த ரயில் பெட்டி ஒன்றும், தடைசெய்த பகுதிகளுக்குள் செல்ல அனுமதிக் கடிதங்களும் வழங்கப்பட்டன.

1909 முதல் 1915 வரை அவர் ஆறுகள் வழியாகவும் இருப்புப்பாதை வழியாகவும் சென்று வந்தார். ஊரல் மலைச் சுரங்கங்கள், இரும்பு உலைகள், காமா ஆற்றின் மேல் அமைந்த ரயில் பாலம், சமர்கந்தின் நீல ஓடு பதித்த மாடங்கள், கருங்கடல் ஓரத்துத் தேயிலைத் தோட்டங்கள் எல்லாம் தகடுகளில் ஏறின.

மனிதர்களும் ஏறினர். ஆற்றங்கரை ஊரொன்றில் பழத்தட்டுகளை ஏந்தி நிற்கும் மூன்று கிராமத்துப் பெண்கள். எண்பத்து நான்கு வயதில், அறுபத்தாறு ஆண்டுப் பணியை முடித்திருந்த மதகுக் கண்காணிப்பாளர் பின்ஹுஸ் கார்லின்ஸ்கி. 1911-இல் எடுத்த படத்தில், பூ வேலைப்பாடு செய்த நீலப் பட்டங்கியும் வாளுமாக அமர்ந்திருக்கும் புகாரா அமீர் ஆலிம் கான். அதே புகாராவில் சிறைக் கம்பிகளின் பின்னிருந்து எட்டிப் பார்க்கும் கைதிகளும், வெளியே துப்பாக்கியுடன் நிற்கும் காவலனும். அரசனும் கைதியும் ஒரே சேகரிப்பில், ஒரே மூன்று வடிகட்டிகளின் வழியே பதிவாகியிருக்கிறார்கள்.

பிழைகளும் பேசுகின்றன

மூன்று படங்களும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல என்பதை மறக்கக் கூடாது. இடையில் எது அசைந்தாலும் மூன்றும் பொருந்தா. ஓடும் நீரிலும், காற்றாடும் இலைகளிலும், தலையைத் திருப்பிய குழந்தையின் முகத்திலும் சிவப்பு, பச்சை, நீல விளிம்புகள் தெரிகின்றன. இது குறைதான். ஆனால் இக்குறையே ஒரு கடிகாரமாகவும் பயன்படுகிறது.

பகல் வானில் நிலவு தெரியும் படம் ஒன்று உள்ளது. அதில் நிலவு மூன்று நிறங்களில், சற்றுச் சற்று விலகிப் பதிந்திருக்கிறது. புவியின் சுழற்சியால் நிலவு வானில் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை நகர்கிறது. அதாவது நிமிடத்துக்குக் கால் பாகை. நிலவின் குறுக்களவு அரைப் பாகை. எனவே தன் குறுக்களவில் பாதி தூரம் நகர ஒரு நிமிடம் ஆகும். இவ்வகைக் கணக்கால், அப்படத்துக்கு மொத்தம் ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகியிருக்க வேண்டும் என்று பின்னாளில் மதிப்பிட்டுள்ளனர். டால்ஸ்டாய்க்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒன்று முதல் மூன்று விநாடிகள் என்றே கூறியிருந்தார்! மனிதர் சொன்னதை நிலவு திருத்துகிறது.

இதில் வரலாற்று மாணவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. அசையாமல் நிற்கக் கூடியவைதான் இந்த முறையில் நன்றாகப் பதிந்தன. கோயில்கள், பாலங்கள், விறைத்து நிற்கும் மனிதர்கள் மிகுதி. ஓடுபவர்கள், ஆடுபவர்கள், சண்டையிடுபவர்கள் அரிது. அரசின் ஆதரவோடு சென்றவர் எதைக் காட்ட விரும்பினார் என்பதும் தேர்வைத் தீர்மானித்தது. அந்தப் பேரரசு அமைதியாக இருந்ததென்று இப்படங்களை மட்டும் கண்டு முடிவு செய்தால் ஏமாந்து போவோம். 1917-இல் அது கவிழ்ந்தது.

தகடுகளின் நெடும்பயணம்

புரட்சிக்குப் பின், 1918-இல் புரோகுதின்-கோர்ஸ்கி நாட்டை விட்டு வெளியேறினார். நார்வே, இங்கிலாந்து வழியாக இறுதியில் பிரான்சை அடைந்தார். சேகரிப்பில் ஒரு பெரும் பகுதி கைவிட்டுப் போயிற்று. எஞ்சியவை பாரிசில் அவரிடம் வந்து சேர்ந்தன. புகாரா அமீரும் 1920-இல் அரசிழந்து, பின்னர் காபூலில் தஞ்சம் புகுந்தார். படமெடுத்தவரும் படத்தில் இருந்தவரும் 1944-ஆம் ஆண்டு, ஒருவர் பாரிசிலும் ஒருவர் காபூலிலுமாக, அயல் மண்ணில் இறந்தனர்.

தகடுகள் பாரிசில் ஒரு குடியிருப்பின் நிலவறையில் கிடந்தன. 1948-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவற்றைக் குடும்பத்தாரிடமிருந்து விலைக்கு வாங்கியது. எண்ணிக்கை 1,902 தகடுகள். அவற்றோடு அவர் குறிப்புக்காக ஒட்டி வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் பிரதிகளின் தொகுதிகள். படவீழ்த்தியின்றி நிறங்களைக் காண வழியில்லாததால், அவை அரை நூற்றாண்டு உறங்கின எனலாம்.

2000-ஆம் ஆண்டில் தகடுகள் கணினியில் பதிவு செய்யப்பட்டன. மூன்று படங்களையும் சிவப்பு, பச்சை, நீலத் தளங்களாகக் கொண்டு, சிறிது திருப்பியும் நகர்த்தியும் பொருத்தினால் போதும். இவ்வாறு 122 படங்கள் கையால் பொருத்தப்பட்டு, 2001-இல் கண்காட்சியாக வைக்கப்பட்டன. 2004-இல் 1,902 தகடுகளுமே தானியங்கு முறையில் பொருத்தப்பட்டன. பார்த்தவர்கள் வியந்தனர். எவரும் வண்ணம் பூசவில்லை. 1910-இல் அளக்கப்பட்டது அப்படியே கூட்டப்பட்டது. எந்த அளவீட்டுக்கும் போல இதற்கும் பிழைவரம்பு உண்டு. வடிகட்டிகளின் இயல்பு, தகட்டின் முதுமை, இன்று பொருத்துபவர் வைக்கும் ஒளிச்சமன் ஆகியவை சாயலைச் சற்று மாற்றலாம். ஆனால் பச்சை சிவப்பாகிவிடாது.

எழுநூறு படங்களின் கதை

இச்சேகரிப்பில் என்னை மிகவும் வருத்தும் செய்தி ஒன்று உண்டு. தகடுகளையும் தொகுதிகளையும் சேர்த்தால் மொத்தம் 2,607 வெவ்வேறு காட்சிகள் உள்ளன. தகடுகள் 1,902 மட்டுமே. எனவே எழுநூற்றுக்கும் மேற்பட்ட காட்சிகளுக்குத் தொகுதியில் ஒட்டிய சிறு பிரதி மட்டுமே இருக்கிறது. அப்பிரதி மூன்று எதிர்ப்படங்களுள் ஒன்றிலிருந்து எடுத்தது. தகடு தொலைந்ததோடு மற்ற இரண்டு அளவீடுகளும் தொலைந்தன. அந்தக் காட்சிகளும் ஒருகாலத்தில் வண்ணத்தில் அளக்கப்பட்டவைதாம். இப்போது மூன்று மாறிகள், ஒரு சமன்பாடு. இன்றைய நிரல் அவற்றுக்கும் அழகாக வண்ணம் பூசும். அந்தப் படத்தையும் தகட்டிலிருந்து வந்த படத்தையும் அருகருகே வைத்தால் எது அளவீடு, எது ஊகம் என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு படத்துடனும் அது எவ்வாறு வந்தது என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.

நீங்களே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வெள்ளைத் திரை தெரியும் கைபேசியின் மீது விரல் நுனியால் மிகச் சிறு நீர்த்துளி ஒன்றை வையுங்கள். துளி குவிவில்லையாகச் செயல்பட்டு, வெண்மைக்குள் மறைந்திருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைக் காட்டும். நம் கையிலுள்ள ஒவ்வொரு வண்ணப் படமும் மேக்ஸ்வெல்லின் மூன்று எண்களால் ஆனது என்பதை நேரிலேயே காணலாம்.

மாணவியிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்ப பாட்டியோட படத்துக்கு உண்மையான நிறம் கிடைக்கவே கிடைக்காதா சார்?" என்றாள்.

படத்திலிருந்து கிடைக்காது, ஆனால் பாட்டியிடமிருந்து கிடைத்துவிட்டதே! அதை எழுதி வை என்றேன். மறுவாரம் அவள் மூலப் படத்தைக் கொண்டுவந்தாள். அதன் பின்புறம் பென்சிலால் இவ்வாறு எழுதியிருந்தாள்: "புடவை இலைப்பச்சை, கரை அரக்கு. சொன்னவர் பாட்டி." கீழே அன்றைய தேதியும் இருந்தது.

உங்கள் வீட்டிலும் பழைய படங்கள் இருக்கும். அவற்றைக் கண்ட பெரியவர்களும் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.